349 ஜிபி காட்டிய 3 டிபி டிஸ்க்: கோத்தகிரியில் ஒரு நிகழ்வு ஆய்வு

அக்டோபர் மழை பிடித்த வாரம். கோத்தகிரி ஜான்ஸ்டன் சதுக்கத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அங்கே ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் துணிப்பையோடு வந்தார். பைக்குள் துண்டில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்: மூன்றரை அங்குலம், 3 டிபி, வெளிக் கேசிங்கிலிருந்து கழற்றியது. கேசிங்கின் போர்டு தனியாக ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது.

"இதுல பதினோரு வருஷப் பாட்டு இருக்கு தம்பி" என்றார்.

சுற்றுவட்டார ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், வயதானவர்களோடு உட்கார்ந்து அவர் பதிவு செய்த படுகப் பாட்டுகள்: தாலாட்டு, படுகர்களின் தெய்வமான ஹெத்தையின் பண்டிகைக்குப் பாடுபவை, நடுநடுவே பழைய கதைகள். படுகப் பேச்சுக்குப் பரவலாகப் புழங்கும் எழுத்து கிடையாது. எல்லாம் வாய்வழியாக வந்தவை. பாடியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. இன்னொரு காப்பி இருக்கிறதா என்று கேட்டேன். சில பாட்டுகள் சொந்தக்காரர்களின் பென்டிரைவ்களில் இருக்கலாம்; முழுத் தொகுப்பு இது ஒன்றுதான் என்றார்.

நடந்தது சின்ன விஷயம். கேசிங் மேஜைமேல் இருந்திருக்கிறது. பேரன் கேபிளில் கால் தட்டி இழுத்துவிட்டான். அகலமும் தட்டையுமான அந்த யூஎஸ்பி சாக்கெட், போர்டின் செப்புத் தடங்களையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. டிஸ்க் கீழே விழவில்லை. டீச்சர் அதைக் கீழே சமவெளியில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். அவர்கள் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு டாக்கில் (டிஸ்க்கைச் சொருகி யூஎஸ்பியில் இணைக்கும் தாங்கி) போட்டுப் பார்த்திருக்கிறார்கள். விண்டோஸ் 349 ஜிபி உள்ள ஒரு பார்ட்டிஷனை (டிஸ்க்கில் ஒதுக்கிய பகுதி) காட்டி, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டிருக்கிறது.

"349தான் மிச்சம், மத்ததெல்லாம் போயிடுச்சு, ஃபார்மட் பண்ணிட்டு ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டா கொஞ்சம் கிடைக்கலாம்னு சொன்னாங்க. நான் வேண்டாம்னு எடுத்துட்டு வந்துட்டேன்."

அந்த 'வேண்டாம்' இல்லையென்றால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

எனக்கு உறுத்தியது 349 என்ற எண். டிஸ்க்கில் சில இடங்கள் கெட்டால் மொத்த அளவு குறையாது. 3 டிபி டிஸ்க் 3 டிபி என்றே சொல்லும், படிக்கும்போதுதான் திணறும். உள்ளே படிக்கும் தலை போயிருந்தால் பெரும்பாலும் சத்தம் போட்டுவிட்டு ஒன்றுமே சொல்லாது. இப்படி நேர்த்தியாக ஒரு சின்ன எண்ணைச் சொல்வது பழுது மாதிரி தெரியவில்லை, கணக்குப் பிசகு மாதிரி இருந்தது.

நடுவில் இருப்பவர்

வழக்கமாக நாம் டிஸ்க்கோடு பேசுவதில்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் சொல்கிறோம், அது டிஸ்க்கிடம் கேட்டு, தனக்குப் புரிந்ததை நமக்குச் சொல்கிறது. நல்ல டிஸ்க்குக்கு அதுவே வசதி. சந்தேகமான டிஸ்க்குக்கு இந்த நடுவர் ஆபத்து. நாம் ஒரு செக்டார் (டிஸ்க்கில் எண் போட்டுக் கேட்கக்கூடிய மிகச் சின்னத் துண்டு) கேட்டால் அது எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே பக்கத்தில் உள்ளதையும் சேர்த்துப் படிக்கும். படிக்க முடியவில்லை என்றால் நம்மிடம் சொல்லாமலே திரும்பத் திரும்ப முயற்சிக்கும். லினக்ஸில் ஒவ்வொரு முயற்சிக்கும் 30 நொடி வரை பொறுத்திருக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க்கை இப்படித்தான் நல்ல எண்ணத்தோடு கொல்கிறார்கள். அதைவிட மோசம், பார்ட்டிஷனைத் தன் கணக்கில் புரிந்துகொண்டு தானாகவே மவுண்ட் செய்ய, அதாவது கோப்புகளைத் திறந்துவைக்க, போகும்.

அதனால் முதலில் லினக்ஸ் லேப்டாப்பில் தானியங்கி மவுண்டை நிறுத்தினேன். அப்புறம்தான் டிஸ்க்கைக் கடை டாக்கில் வைத்தேன். பேச்சு முழுவதும் நானே பைத்தான் மொழியில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) வழியாக.

யூஎஸ்பி பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க் எல்லாமே உள்ளுக்குள் பேசுவது ஸ்கஸி என்ற பழைய கட்டளை மொழி. யூஎஸ்பி அதைச் சுமந்துபோகும் தபால்காரர் மட்டும்தான். 1999இல் வந்த விதிப்படி, கட்டளை ஒவ்வொன்றும் 31 பைட் உறை ஒன்றில் போகிறது. உறையின் முதல் நான்கு பைட் 'யூ, எஸ், பி, சி' என்ற எழுத்துகள். அடுத்து ஒரு அடையாள எண், எத்தனை பைட் தரவு எதிர்பார்க்கிறோம், அது எந்தத் திசையில் போகும் என்ற விவரம். கடைசியில் 16 பைட் இடம்; அதற்குள்தான் ஸ்கஸி கட்டளை. தரவு வந்து முடிந்ததும் 13 பைட் ரசீது ஒன்று 'யூ, எஸ், பி, எஸ்' என்று தொடங்கி வரும். அதன் கடைசி பைட் 0 என்றால் வேலை முடிந்தது, 1 என்றால் தோல்வி, 2 என்றால் இரு பக்கமும் ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். புதிய டாக்குகள் சில வேறு தபால் முறையைப் பயன்படுத்தும். ஆனால் உள்ளே இருக்கும் கடிதம் அதே ஸ்கஸிதான்.

இந்த உறையையும் நாமே பைத்தானில் செய்து அனுப்பலாம், அதற்கு பையூஎஸ்பி என்ற நூலகம் இருக்கிறது. கற்றுக்கொள்ள அருமையான வழி. வாடிக்கையாளர் டிஸ்க்கில் நான் அதைச் செய்வதில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் டிரைவரைப் பிரித்துவிட வேண்டும், நடுவில் பிழை வந்தால் இணைப்பை மீட்டெடுக்கும் சடங்கையும் நாமே செய்ய வேண்டும். லினக்ஸில் எஸ்ஜி டிரைவர் என்று ஒன்று இருக்கிறது. உறை வேலையை அது பார்த்துக்கொள்ளும், உள்ளே என்ன கடிதம் என்பதை நாம் முடிவு செய்யலாம். 'டெவ்' கோப்புறையில் எஸ்ஜி என்று தொடங்கும் கோப்பைத் திறந்து, சாதனத்துக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பும் பைத்தானின் ஐஆக்டில் அழைப்புக்கு 8837 என்ற எண்ணையும் ஒரு தலைப்புக் கட்டமைப்பையும் கொடுத்தால் போதும். 64 பிட் கணினியில் அந்தக் கட்டமைப்பு 88 பைட். அதை சிடைப்ஸ் என்ற பைத்தான் நூலகம் கொண்டு எழுதுவதுதான் சுலபம். கையால் பைட் எண்ணி அடுக்கப் போனால் நடுவில் வரும் இட்டுநிரப்பும் பைட்டுகள் காலை வாரிவிடும்.

இதில் ஒரு குழி. ஐஆக்டில் 0 என்று திரும்பினால், கடிதம் போய்ச் சேர்ந்தது என்றுதான் அர்த்தம். டிஸ்க் 'முடியாது' என்று சொல்லியிருந்தாலும் பைத்தான் எந்தப் பிழையும் எழுப்பாது. கட்டமைப்புக்குள் நிலை என்ற இடத்தில் 2 இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் டிஸ்க் எழுதிவைத்த காரணத்தைப் படிக்க வேண்டும். காரணத்தில் மூன்று எண்கள் முக்கியம்: வகை, விவரம், உள்விவரம். வகை 3 என்றால் தட்டில் படிக்க முடியவில்லை. 5 என்றால் நீ கேட்டதே தப்பு. 6 என்றால் 'இப்போதுதான் எழுந்தேன், நிலைமை மாறியிருக்கலாம்'. 6 வந்தால் பயப்பட வேண்டாம், மறுபடி கேட்டால் போதும். இதையெல்லாம் பார்க்காமல் எழுதிய ஸ்கிரிப்ட், கெட்ட செக்டாரைப் படித்தபிறகும் பஃபரில், அதாவது தரவு வந்து விழும் தற்காலிக இடத்தில், ஏற்கனவே கிடந்ததையே 'இதுதான் தரவு' என்று நீட்டும்.

எதைக் கேட்கக் கூடாது

எழுதும்போது முதலில் எழுதியது வேலி. ஸ்கஸியில் கட்டளைகள் வெறும் எண்கள். 0 என்றால் தயாரா, 3 என்றால் என்ன குறை என்று சொல், 4 என்றால் ஃபார்மட் செய். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஒரு விசைதான் தூரம். படிக்கும் கட்டளை 40, எழுதும் கட்டளை 42. டிஸ்க்கை எழுத முடியாதபடி லினக்ஸில் பூட்டிவைத்திருக்கிறேனே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. அந்தப் பூட்டு நடுவருக்குத்தான். நேரடியாகப் போகும் கட்டளை அந்தக் கதவு வழியாகப் போவதில்லை.

ஆகவே அனுப்பும் ஃபங்ஷனின் வாசலில் அனுமதிப் பட்டியல் ஒன்று: 0, 3, 18, 37, 40, 136, 158. இவை எல்லாம் கேட்பவை, படிப்பவை. பட்டியலில் இல்லாத எண் வந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். 133 என்ற கட்டளைக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்தேன். அது, ஸ்கஸி உறைக்குள், டிஸ்க்கின் சொந்த மொழியான ஏடிஏ கட்டளை ஒன்றை மடித்து அனுப்பும் வழி. வெளியே 133 என்று சாதுவாக இருக்கும், உள்ளே எதுவும் இருக்கலாம், அழிக்கும் கட்டளைகூட. அதனால் உள்ளேயும் பார்த்து, அடையாளம் கேட்கும் 236, உடல்நிலை கேட்கும் 176 இரண்டை மட்டும் விட்டேன். 176க்குள்ளும் படிக்கும் வகையை மட்டும். 'கோட்' அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்தப் பத்து வரி மட்டும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

டிஸ்க் சொன்னவை

18ஆம் கட்டளை, 'நீ யார்' என்ற கேள்வி. 36 பைட் பதில் வந்தது. அதில் இருந்தது டாக்கின் பெயர். டிஸ்க்கின் பெயர் இல்லை. நடுவர் ஒருவரை விலக்கினால் இன்னொருவர். 133 வழியாக 236 அனுப்பியபோதுதான் டிஸ்க் தன் சொந்தப் பெயரைச் சொன்னது. அந்தப் பதிலில் எழுத்துகள் இரண்டிரண்டாக இடம் மாறி வரும். 'குன்னூர்' என்று எழுதியிருந்தால் 'ன்குர்னூ' என்று கிடைக்கும். முதல்முறை பார்ப்பவருக்கு டிஸ்க்குக்கு வாதம் வந்துவிட்டது போலத் தோன்றும். ஜோடிகளைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும்.

அடுத்தது 37, 'உன் அளவு என்ன'. பதில் 8 பைட்: முதல் நான்கில் கடைசி செக்டாரின் எண், அடுத்த நான்கில் ஒரு செக்டாருக்கு எத்தனை பைட். வந்தது 4,29,49,67,295 என்றும் 512 என்றும். பெருக்கினால் 2.2 டிபி வருகிறது. 349உம் இல்லை, 3 டிபியும் இல்லை. ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. அப்புறம் அந்த எண்ணை உற்றுப் பார்த்தேன். நான்கு பைட்டும் முழுக்க ஒன்றுகளாக நிரம்பினால் வருவது அது. விதிப்படி அதற்கு அளவு என்ற பொருளே கிடையாது. 'இந்தக் கட்டத்துக்குள் என் எண் அடங்கவில்லை, பெரிய படிவத்தில் கேள்' என்று டிஸ்க் சொல்லும் முறை அது. பெரிய படிவம் 158. அதில் கேட்டபோது கடைசி எண் 5,86,05,33,167. எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குவதால் ஒன்றைக் கூட்ட வேண்டும்: 5,86,05,33,168 செக்டார், ஒவ்வொன்றும் 512 பைட். மூன்று லட்சம் கோடி பைட்டுக்குக் கொஞ்சம் மேல். முழு 3 டிபி. ஒரு பைட்டும் காணாமல் போகவில்லை.

அதாவது டிஸ்க் நன்றாக இருக்கிறது. 349 என்று சொன்னது வேறு யாரோ.

40 அனுப்பி முதல் செக்டாரை, எண் 0ஐ, படித்தேன். கடைசி இரண்டு பைட் 85, 170; பார்ட்டிஷன் அட்டவணைக்குரிய முத்திரை அது. இதைப் பார்த்ததில் இன்னொரு நிம்மதியும் உண்டு. சில கம்பெனிகளின் கேசிங் போர்டு, பாஸ்வேர்டு போடாவிட்டாலும் எல்லாவற்றையும் பூட்டெழுத்தாக மாற்றித்தான் டிஸ்க்கில் எழுதும்; அப்படியென்றால் செத்துப்போன போர்டோடு சாவியும் போயிருக்கும். இங்கே முத்திரை தெளிவாகத் தெரிந்ததால் அந்தக் கவலை இல்லை. அட்டவணையில் ஒரே ஒரு பார்ட்டிஷன். வகை 7, தொடக்கம் 256, நீளம் 73,25,66,272 செக்டார்.

நீளத்தை 512ஆல் பெருக்கினேன். 37,507 கோடி பைட். ஆயிரத்துக்குப் பதில் 1024ஆல் வகுத்துக்கொண்டே போகும் விண்டோஸ் கணக்கில் 349.31 ஜிபி.

349 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. இந்த நீளத்தை 512க்குப் பதில் 4096ஆல் பெருக்கினால் 3 டிபி சரியாக வருகிறது. இரண்டுக்கும் நடுவே எட்டு மடங்கு.

எட்டு

இதன் பின்னணி பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது. பழைய பார்ட்டிஷன் அட்டவணையில் தொடக்கத்துக்கும் நீளத்துக்கும் தலா நான்கு பைட்தான் இடம். 512 பைட் செக்டாரை வைத்து எண்ணினால் சுமார் 2.2 டிபிக்கு மேல் எழுத இடமில்லை. புதிய அட்டவணை முறையை 32 பிட் எக்ஸ்பி படிக்காது. டிஸ்க்குகளோ 3 டிபியைத் தொட்டுவிட்டன. கேசிங் செய்தவர்கள் ஒரு தந்திரம் கண்டார்கள்: டிஸ்க்கின் எட்டு செக்டார்களை ஒன்றாகக் கட்டி, 'என்னிடம் இருப்பவை 4096 பைட் செக்டார்கள்' என்று கணினியிடம் சொல்லிவிடுவது. எண்ணிக்கை எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடும், பழைய அட்டவணைக்குள் அடங்கிவிடும். எக்ஸ்பியும் மகிழ்ச்சி, வாங்கியவரும் மகிழ்ச்சி.

படி கணக்கில் எழுதிய நெல்லை, படி தொலைந்தபிறகு ஆழாக்கில் அளந்து பார்த்தால் என்ன ஆகும்? ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. நோட்டில் '100' என்று இருக்கும், அளப்பவர் நூறு ஆழாக்கு அளந்துவிட்டு மிச்சம் எங்கே என்று தேடுவார். டீச்சரின் டிஸ்க்கில் நடந்தது இதுவேதான். கேசிங் போர்டு படி. கடை டாக் ஆழாக்கு. நோட்டு மாறவில்லை.

அப்படியென்றால் பார்ட்டிஷன் தொடங்குவது 256இல் இல்லை, 256ஐ எட்டால் பெருக்கினால் வரும் 2048இல். அங்கே போய்ப் பார்த்தால், விண்டோஸ் கோப்பு முறைமையின் பெயரான என்டிஎஃப்எஸ் என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். அது இருந்தால் வழக்கு முடிந்தது.

இல்லை.

என் தவறு

2048 என்று கேட்டதற்கு வந்தது ஏதோ இரைச்சல் மாதிரியான பைட்டுகள். பக்கத்து எண்களையும் கேட்டேன், அதே கதை. என் எட்டு மடங்குக் கோட்பாடு அழகாக இருந்ததே ஒழிய டிஸ்க் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று மாலை மின்சாரமும் போனது. வெளியே மூடுபனியில் எதிர்க்கடை விளக்குகூடத் தெரியவில்லை. டீயும் வர்க்கியுமாக உட்கார்ந்து, கீழ்க்கடைக்காரர் ஏற்கனவே எதையாவது எழுதிவிட்டாரோ என்று அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். தவறு அவருடையது இல்லை.

மறுநாள் காலை, டிஸ்க்கை விட்டுவிட்டு ஸ்கிரிப்டைச் சந்தேகித்தேன். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ஓட்டினேன். செக்டார் 0 சரியாக வந்தது. செக்டார் 1 கேட்டதும் வகை 5, விவரம் 33: 'அந்த எண் என் எல்லைக்கு வெளியே இருக்கிறது'. இரண்டாவது செக்டார் எப்படி எல்லைக்கு வெளியே இருக்கும்?

பைட் வரிசை. பார்ட்டிஷன் அட்டவணையில் எண்கள் சின்ன முனை, அதாவது மதிப்பு குறைந்த பைட், முதலில் வைத்து எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்த கையோடு அதே வரிசையில் கட்டளையிலும் அடுக்கிவிட்டேன். ஸ்கஸி கட்டளைக்குப் பெரிய முனை முதலில் வர வேண்டும். வேடிக்கை என்னவென்றால் யூஎஸ்பி உறையிலும் சின்ன முனைதான் முதலில். உறையில் ஒரு திசை, உள்ளே இருக்கும் கடிதத்தில் எதிர்த்திசை. நான் கேட்ட 1, பென்டிரைவின் காதில் 1,67,77,216 என்று விழுந்திருக்கிறது. 8 ஜிபியில் அது எல்லை தாண்டிய எண், அதனால் பிடிபட்டேன். 3 டிபி டிஸ்க்கில் 2048 என்று கேட்டது 5,24,288 என்று விழுந்தது. அது எல்லைக்குள்ளேயே இருந்ததால் டிஸ்க் பணிவாக அந்த இடத்தைப் படித்துக் கொடுத்துவிட்டது. பாட்டுக் கோப்பு ஒன்றின் நடுப்பகுதியாக இருக்கலாம்.

இத்தனை நேரம் இது ஒளிந்திருந்ததற்குக் காரணம் செக்டார் 0. பூஜ்யத்தை எந்தப் பக்கமிருந்து எழுதினாலும் பூஜ்யம். முதல் சோதனையை 0இல் செய்துவிட்டு 'ஸ்கிரிப்ட் வேலை செய்கிறது' என்று முடிவு கட்டியது என் சோம்பல். இப்போதெல்லாம் நல்ல பென்டிரைவில் எண் 1, எண் 258 இரண்டையும் வழக்கமான வழியில் படித்து, ஸ்கிரிப்ட் படித்ததோடு ஒப்பிட்ட பிறகே வாடிக்கையாளர் டிஸ்க்கைத் தொடுகிறேன்.

ஒரு சொல்லை மாற்றினேன். 2048 மறுபடி. நான்காவது பைட்டிலிருந்து என்டிஎஃப்எஸ். பன்னிரண்டாவது பைட்டிலிருந்து, கோப்பு முறைமை தானே எழுதிவைத்த செக்டார் அளவு: 4096. ஒரு கிளஸ்டருக்கு (கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் அலகு) ஒரு செக்டார். இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

டீச்சருக்குப் போன் செய்தேன். "இருக்கா தம்பி?" என்றார். இருக்கிறது, ஆனால் இன்னும் திறக்கவில்லை என்றேன்.

திறந்தது

திறப்பது சுலபம்தான். லினக்ஸில், ஒரு கோப்பையோ டிஸ்க்கையோ வேறொரு டிஸ்க் போலக் காட்டும் லூப் சாதனம் ஒன்றை, செக்டார் அளவு 4096 என்றும் படிக்க மட்டும் என்றும் சொல்லி உருவாக்கினால் அதுவே இழந்த கேசிங்கின் வேலையைச் செய்யும். ஆனால் மூல டிஸ்க்கின்மேல் அதைச் செய்யாமல் நகல் எடுத்து, நகலின்மேல் செய்தேன். காரணம் 176இன் பதில். உடல்நிலைப் பட்டியலில் 197ஆம் வரி, அதாவது 'படிக்கச் சிரமப்பட்டு ஓரமாகக் குறித்துவைத்த செக்டார்கள்', பூஜ்யமாக இல்லை. டிஸ்க்குக்கு வயதாகிக்கொண்டிருந்தது.

நகல் எடுக்க என் ஸ்கிரிப்டைப் பயன்படுத்தவில்லை. க்னூ டிடிரெஸ்க்யூ அதற்கென்றே எழுதப்பட்ட கருவி. எதுவரை படித்தோம், எங்கே விட்டோம் என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 3 டிபி என்றால் எட்டு மணி இருபது நிமிடம். வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரியில் எட்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து மின்சாரம் என்பது கொஞ்சம் பேராசை. மூன்று முறை நின்றது, மூன்று முறையும் வரைபடக் கோப்பு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இந்த வேலைக்கு நானே எழுதுவேன் என்று அடம்பிடித்திருந்தால் இன்னும் பிழை திருத்திக்கொண்டிருப்பேன்.

கடைசியில் மூன்று இடங்கள் மட்டும் வரவில்லை. அவற்றுக்காக ஸ்கிரிப்டுக்குத் திரும்பினேன். இந்த முறை 136: எட்டு பைட் முகவரி உள்ள படிக்கும் கட்டளை. 40இன் நான்கு பைட் முகவரியால் 2.2 டிபிக்கு அப்பால் போக முடியாது, ஒரு இடம் அதற்கு அப்பால் இருந்தது. ஒரு தடவைக்கு ஒரே செக்டார், பத்து நொடிக்குள் வராவிட்டால் விட்டுவிடு, எந்த எண்ணுக்கு என்ன காரணம் வந்தது என்று எழுது.

பதிவைப் பார்த்தபோது பிழைகள் எட்டெட்டாக வந்திருந்தன. வகை 3, விவரம் 17, 'படிக்க முடியவில்லை', தொடர்ந்து எட்டு முறை. ஒன்பதாவது செக்டார் நன்றாகப் படித்தது. ஒவ்வொரு கூட்டத்தின் முதல் எண்ணும் எட்டால் மீதியின்றி வகுபட்டது. டிஸ்க்கின் தட்டில் உண்மையான செக்டார் 4096 பைட். வெளியே மட்டும்தான் அதை 512 ஆக நறுக்கிக் காட்டுகிறது. 158இன் பதிலில் இதைச் சொல்வதற்கென்றே ஓர் இடம் உண்டு, என் டாக் அங்கே 0 போட்டு அனுப்பியிருந்தது. தட்டு தன் கெட்ட இடங்களின் வழியாகச் சொல்லிவிட்டது. கேசிங் சொன்னது உண்மைக்கு நெருக்கமாக இருந்திருக்கிறது என்பது பின்னால் யோசித்தபோது சிரிப்பாக இருந்தது.

இரவு முழுக்க டிஸ்க்கை அணைத்துவைத்து, காலைக் குளிரில் மறுபடி கேட்டேன். ஒரு கூட்டம் படித்துவிட்டது. குளிர் உதவியதா, தற்செயலா என்று சண்டை போட மாட்டேன். மற்ற இரண்டும் வரவில்லை.

23 மில்லிசெகண்ட்

அந்த இரண்டு இடங்களில் என்ன இருந்தது? செக்டார் எண்ணிலிருந்து 2048ஐக் கழித்து எட்டால் வகுத்தால் கிளஸ்டர் எண் கிடைக்கும். என்டிஎஃப்எஸ் கருவிகளில் ஒன்றிடம் அந்த எண்ணைக் கொடுத்தால் எந்தக் கோப்பு என்று சொல்லும். ஒன்று, எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லாத காலி இடம். இன்னொன்று ஒரு பாட்டு.

டீச்சர் வந்தபோது கணக்கைச் சொன்னேன். அவருடைய ரெக்கார்டர் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல் என்று பதிவு செய்தது. அது நொடிக்கு 1,76,400 பைட். நமக்குப் போனது 4096 பைட். 23 மில்லிசெகண்ட்.

"கண் சிமிட்டுற நேரமா?"

"அதைவிடவும் கம்மி டீச்சர்."

அந்தப் பாட்டைப் போட்டோம். நாலாவது நிமிடத்துக்குப் பக்கத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். அதைச் சரிசெய்து தரட்டுமா, இரண்டு பக்கத்து ஒலியையும் நீட்டி இணைத்தால் காதுக்குத் தெரியாது என்றேன். வேண்டாம் என்றார், இல்லாததைப் போட்டு நிரப்புவதில் அவருக்கு விருப்பமில்லை. அந்த இடத்தை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிவாங்கிக்கொண்டார்.

புதிய டிஸ்க்குகள் இரண்டு வாங்கி, இரண்டிலும் புதிய அட்டவணை முறையில் பார்ட்டிஷன் போட்டு, தொகுப்பை ஏற்றினேன். ஒன்று அவர் வீட்டில், ஒன்று குன்னூரில் மகள் வீட்டில். பழைய டிஸ்க்கின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி மார்க்கரில் எழுதினேன்: 'கணக்கு 4096, தொடக்கம் 2048, ஃபார்மட் கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும்'.

இரண்டு வாரம் கழித்து, சமவெளியிலிருந்து அந்தக் கடைக்காரரே போன் செய்தார். டீச்சர் அவரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார், கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளட்டும் என்று. அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்:

"எட்டால பெருக்கணுமாமே? என்கிட்ட ஒண்ணு ஆறு மாசமா கிடக்குங்க. பெட்டி மேல 4 டிபின்னு போட்டிருக்கு. உள்ள 465 ஜிபிதான் காட்டுது."

டைனிங் டேபிளில் இருந்த கால்குலேட்டரைத் தேடினேன். 465ஐ எட்டால் பெருக்கினால் 3,720. விண்டோஸின் ஜிபியை மாற்றிப் போட்டால் 4 டிபிக்கு வெகு பக்கத்தில்.

"அதை இப்போ எதுலயாவது சொருகி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க."

"முதல்ல கழட்டுங்க" என்றேன்.